செருகிக்கொள்கிறேன்

லினெட் ஓடவில்லை.
ஹாலிஃபாக்ஸ் ஏற்றத்தில், ஒற்றை வைப்பர் மட்டும் வேலை செய்யும் காரில்
சிவப்பு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.
ஆனாலும் போனில் சொல்கிறாள்,
'தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.'
அந்த ஊர்ப் பேச்சில் அப்படித்தான்.
அசையாதவரும் ஓடலாம்,
பிந்தியிருந்தால் போதும்.

நமக்கு நேரம் தானாக ஆகிவிடும்.
ஆகிவிட்டது என்று எழுந்துகொள்வோம், குற்றவாளி யாருமில்லை.
அங்கே யாராவது அதைச் செலவழித்திருக்க வேண்டும்,
தொலைத்திருக்க வேண்டும்,
பஸ் நிழற்குடையில் அவள் மகன் கேலம் செய்வதுபோல
கொன்றாவது இருக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்.
கதவோரம் ஒட்டிய வில்லையில் கைப்பேசி பட்டால் தொடக்கம்,
மறுபடி பட்டால் முடிவு.
நடுவில் மாத்திரை, ஓட்ஸ் கஞ்சி, கழிவறை, காலுறை.
வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சாலைக்குச் சம்பளம் கிடையாது.

மிஸஸ் பிக்கிள்ஸ் ஜன்னல் திரை சிக்கிக்கொண்டதென்று
ஒரே ஒரு நிமிடம் கேட்டாள்.
ஸ்டேஷன் வாசலில் போர்வைக்குள் இருப்பவன்
சில்லறை கேட்கும் அதே வினைச்சொல்லால் கேட்டாள்.
திரையை இழுத்துவிட்டதில் நான்கு நிமிடம் போயிற்று.

தம்பி டேரன் லீட்ஸ் சிறையில்
நேரம் 'செய்துகொண்டிருக்கிறான்'.
நாற்காலி செய்வதுபோல, பதினெட்டு மாதம்.
செய்து முடித்ததும் கையில் ஒன்றும் இருக்காது.
அக்கா, எனக்காகக் கொஞ்சம் நேரம் பண்ணிக்கொண்டு வாயேன்
என்று கடிதம் எழுதியிருக்கிறான்.
அவனிடம் எவ்வளவோ இருக்கிறது, கொடுத்தனுப்பத்தான் வழியில்லை.

டெரிக் ஹோல்ராய்ட் பட்டியலிலேயே இல்லை.
காலையில் யாரோ வராமல் போனதால்
அலுவலகம் கேட்டது, இவள் சொன்னாள்:
'சரி, நடுவில் செருகிக்கொள்கிறேன்.'
நிரம்பிய அலமாரியில் இன்னொரு கம்பளிச் சட்டையைச் செருகுகிறமாதிரி
எண்பத்தெட்டு வயது மனிதரை.

கம்பள ஆலையில் அவருக்கு ஒரு பலகையும் ஸ்டாப்வாட்சும்தான் வேலை.
நூல்கண்டு மாற்றும் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பார்.
பதினொரு விநாடி. ஒன்பது. எழுதிக்கொள்வார்.
அவர் நின்றால் பெண்கள் விரல்கள் திடீரென்று தடித்துப்போகும்,
நூல் வழுக்கும், முடிச்சு அவிழும்.
அவர் போனதும் பழையபடி பறக்கும்.
அவருக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு விநாடி குறைத்து எழுதுவார்.

இப்போது லினெட் மண்டியிட்டிருக்கிறாள்.
'ஒரு காலுறைக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்?'
'தனியாகப் போடவில்லை, டெரிக்.'
'போட்டிருப்பார்கள். யாராவது போட்டிருப்பார்கள்.'

வலது கால் எளிதாக ஏறிவிட்டது.
இடது காலில் விரல்கள் ஐந்தும் மடங்கிக்கொண்டன.
இழுத்தாள். மடங்கின.
வலிக்கிறதா என்றாள். இல்லை என்றார்,
கூரையைப் பார்த்துக்கொண்டு,
கண்ணாடி வளையல் திருடிய பையனைப்போல.
பாதி ஏறிய காலுறை குதிகாலில் நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.
நேரம் வாங்குகிறார் மனுஷன்,
கொடுக்க வேறெதுவும் இல்லாமல் விரல்களைக் கொடுத்து.

கைப்பேசி அதிர்ந்தது. பதினான்கு.
எழுந்தாள், கோட்டை மாட்டினாள்,
எதுவும் சொல்லாமல் நடையைத் தாண்டிப் போனாள்.
வில்லையில் தொட்டாள். 'டிங்'.
வருகை முடிந்தது, நன்றி என்று திரை சொன்னது.

அவர் ஒற்றைக் கால் வெறுமையாக உட்கார்ந்திருந்தார்.
வெளிக்கதவு சாத்தும் ஓசைக்குக் காத்திருந்தார்.
அது வரவில்லை.

கோட்டைக் கழற்றாமலே திரும்பி வந்து
மறுபடி மண்டியிட்டாள் லினெட்.
'ம்ம். இப்போது விரலை நீட்டுங்கள், போக்கிரி.'

நீட்டினார்.
ஆறு விநாடிதான் ஆனது.
அவள் உடனே எழுந்துகொள்ளவில்லை.