ரெண்டு தட்டு

மயக்கத்துக்கு முன் கொடுக்கிற சிரப்
திங்கட்கிழமையே தீர்ந்துபோனது.
அடுத்த லாரி வியாழன் என்று
திருத்தணி ஆஸ்பத்திரி ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிறது.
இன்று புதன்.

நகரியிலிருந்து வந்தவள், யோகிதா, ஏழு வயது.
நூல் மூட்டை மேலிருந்து விழுந்து முழங்கை.
மூங்கில் பட்டைக் கட்டைப் பிரித்தபோது
எலும்பு தன் இஷ்டத்துக்குத் திரும்பியிருந்தது.

கையுறையை ஊதிச் சேவல் செய்தேன்,
ஐந்து விரலும் கொண்டை.
பார்த்தாள். திருப்பித் தந்தாள்.
மூக்குக் கிண்ணத்தில் ஆரஞ்சு எசன்ஸ் ஒரு சொட்டு தடவி
விமானம் ஓட்டுகிறவர்கள் வைத்துக்கொள்வது என்றேன்.
பொய்யை முகர்ந்தவள்போல் முகம் சுளித்தாள்.

போன வாரம் இதே இடத்தில்
ஒரு பையன் என் கட்டைவிரலைக் கடித்தான்.
நாலு பேர் சேர்ந்து அழுத்தியிருந்தோம்.
தழும்பு இருக்கிறது, அவன்மேல் கோபமில்லை.

"நான் தூங்கிட்டா
அம்மாவை யாரு கூப்பிடுவாங்க?"

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள்.

"அம்மா வாயைப் பார்த்துதான் கேப்பாங்க.
இங்க எல்லாருக்கும் வாய் மூடியிருக்கு."

இருபது வருஷம் விசைத்தறிப் பக்கத்தில் நின்ற காது.
காலையில் கையெழுத்து வாங்கும்போது
சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள் வசுமதி.
அதைத்தான் சம்மதம் என்று ஃபைலில் வைத்திருக்கிறோம்.

சொல்லிக்கொடு என்றேன்.

"தோள்ல ரெண்டு தட்டு.
ஒண்ணுன்னா யாரோ இடிச்சிட்டாங்கன்னு இருந்துடுவாங்க.
அப்புறம் முன்னாடி வந்து
வெளிச்சம் உங்க மூஞ்சில விழற மாதிரி நில்லுங்க.
கத்தாதீங்க. கத்தினா வாய் கோணிக்கும்,
ஒண்ணும் புரியாது."

ஸ்ட்ரெச்சரிலேயே ஒத்திகை.
அவள் அம்மாவாகிக் கண்ணை மூடிக்கொண்டாள்.
வலிக்காத தோளில் ரெண்டு தட்டினேன்.
மாஸ்க்கை இறக்கி, "யோகிதா நல்லா இருக்கா" என்றேன்.
"'நல்லா' ஓடிப்போச்சு. திரும்ப."

மூன்றாவது தடவை
மார்க் போட்டு முடித்த டீச்சர்போல்
கிண்ணத்தைத் தானே எடுத்து மூக்கில் வைத்தாள்.
டாக்டர் கண்ணால் என்னைக் கேட்டார்,
நானும் கண்ணாலேயே சொன்னேன்.

எண்ணுவது தெலுங்கில். பள்ளிக்கூடம் அப்படி.
ஒகட்டி.
ரெண்டு.
(இது மட்டும் இரண்டு பாஷைக்கும் பொது.)
மூடு.
நாலுகு பாதியில் நின்றது.

ஒன்றே முக்கால் மணி நேரம், இரண்டு கம்பி.

வராந்தாவில் ஜன்னல்காரர் பெயர் பெயராய்க் கூப்பிடுகிறார்.
வசுமதி ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள்,
கண்ணுக்குக் கீழே எல்லோரும் பச்சைத் துணி.

ரெண்டு தட்டு.
திரும்பினாள்.
டியூப்லைட்டுக்கு நேரே நகர்ந்து மாஸ்க்கை இறக்கினேன்.
யோகிதா. நல்லா. இருக்கா.
'நல்லா'வை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அழுதாளா?"
தறிக்கு மேலே கேட்கிற குரல்.
வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

இல்லையென்று தலையசைத்தேன்.
பிறகு நினைவு வந்து
வாயாலும் சொன்னேன்.