ஒன்பது ஐந்து

ஒன்பதுக்குக் கடை திறக்கவேணும்.
ஒன்பது ஐந்துக்கும் காருக்குள்தான் இருக்கிறேன்.
ஹீட்டர் முழங்காலை மட்டும் சுடுகிறது.
டாண்டினாங், ஜூலை. கண்ணாடி முழுக்க என் மூச்சு.

சாவி வெட்டத் தொடங்கி ஏழு வருஷம்.
நட்டமில்லை.
நட்டமென்றாலாவது
மூடிவிட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

நேற்று 'திறந்திருக்கிறது' விளக்கை
அணைக்க மறந்திருக்கிறேன்.
வெறும் தரிப்பிடத்தைப் பார்த்து
இரவு முழுக்கச் சிவப்பாய் எரிந்திருக்கிறது,
எனக்கும் சேர்த்து.

அதை நம்பி
ஒரு நர்ஸ் கதவைத் தள்ளுகிறாள்.
இரவுவேலை முடிந்த முகம்.
கையில் பாதிச் சாவி.
மிச்சப் பாதி
எந்தப் பூட்டுக்குள் சிக்கியிருக்கோ.

உற்சாகம் ஒன்றும் வந்துவிடவில்லை.
என்ன ரகச் சாவியென்று
இங்கிருந்து தெரியவில்லை,
அவ்வளவுதான்.

ஹீட்டரை நிறுத்தி
இறங்குகிறேன்.