சும்மா இருக்கையில்

நாலு புள்ளி இரண்டில் பிறந்த ப்ராசஸரை
நாலு புள்ளி எட்டுக்கு ஏற்றிவைத்தது நான்தான்.
யாரும் கேட்கவில்லை. தேவையும் இல்லை.
மாங்கூழ் ஃபேக்டரி கேட்டைப் பூட்டிவிட்டார்கள்,
கையில் கொஞ்சம் காசும்
அதைவிடக் கூடுதலாக நேரமும் மிச்சம்.

முதல் நீலத்திரை ஒரு செவ்வாய்க்கிழமை.
இரண்டாவது அதே ராத்திரி.
மூன்றாவதிலிருந்து எழுத ஆரம்பித்தேன்,
சீசனில் பிரிக்ஸ் குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில்:
மணி, வோல்ட், சூடு,
அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது.

சூட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
காவேரிப்பட்டணத்தில்
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் உட்கார்ந்துகொண்டு
வேறு யாரைச் சந்தேகப்படுவது?
காய்ந்த பேஸ்ட்டை வழித்தெடுத்து
துவரம்பருப்பளவு புதிதாக வைத்து அழுத்தினேன்.
எட்டு டிகிரி இறங்கியது.
நீலம் இறங்கவில்லை.

அடுத்து மின்சாரம்.
எதிர்ப் பட்டறையில் ரம்பம் கிரானைட்டில் இறங்கும்போதெல்லாம்
எங்கள் தெரு விளக்குகள் ஒருமுறை கண்ணைச் சுருக்கும்.
ஞாயிறு பட்டறை லீவு.
காத்திருந்தேன்.
ஞாயிறும் விழுந்தது.
முதலாளியை மனதுக்குள் திட்டியதையெல்லாம்
மனதுக்குள்ளேயே வாபஸ் வாங்கினேன்.

நடுவில் ஒரு மத்தியானம்
பாய்லர் சென்னப்பனைப் பார்க்கப் போனேன், நாலு சாத்துக்குடியோடு.
ஜூனில் மூன்று ஷிப்ட் நின்ற ஆள்,
பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து கொட்டும்,
ஒரு தும்மல் கிடையாது.
கடைசி டிரம் ஏறி, கேட் சாத்தின மறுநாள்
படுத்தால் பத்து நாள் காய்ச்சல்.
வருஷா வருஷம் இதேதான்.
ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினான்.
எல்லாம் நார்மல்.
பேசாமல் ஒரு பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரேம் இரண்டையும் கழற்றி
ஒவ்வொன்றாகச் செருகி விடிய விடிய ஓட்டினேன்.
பிழை பூஜ்யம்.
பிழை பூஜ்யம்.

பிறகு அந்தச் சித்திரவதைச் சோதனை.
பன்னிரண்டு மணி நேரம், எல்லா கோரும் நூறு சதவீதம்.
பக்கத்து வீட்டு ரஹமத்துன்னிசா சுவரைத் தட்டி
"உள்ள மாவு மிஷினா போட்டிருக்கே?" என்றாள்.
தொண்ணூற்றொரு டிகிரியில் நின்று தாங்கியது.
ஒரு எழுத்துப் பிசகவில்லை.
ஜெயித்தாயிற்று என்று சோதனையை நிறுத்திவிட்டு
டீ போடப் போனேன்.

பால் பொங்குவதற்குள்,
எதுவும் திறந்திராத திரையில்,
ஓரத்தில் கடிகாரம் மட்டும் நகர்ந்துகொண்டிருந்த திரையில்,
நீலம்.

அடுப்பை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.
என்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற கடைசிக் கட்டத்தில்
பதினேழு வரி.
பதினாலில் என் கையெழுத்திலேயே இருந்தது:
சும்மா.
சும்மா.
சும்மா இருந்தது.

சூட்டுக்குப் பயந்து முதல் நாளே
வோல்ட்டை மைனஸ் எண்பதில் வைத்தவளும் நான்தான்.
சுமை வந்தால் அது கேட்டு வாங்கிக்கொள்கிறது.
சுமை போனால்
தனக்கென்று கேட்பதையே குறைத்துக்கொள்கிறது.
அந்தக் குறைச்சலிலிருந்தும் நான்
எண்பதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
வேலை செய்கிறதா என்றுதான் இத்தனை நாள் சோதித்தேன்.
ஓய்ந்து கிடக்க முடிகிறதா என்று
ஒரு ராத்திரிகூட.

பயாஸில் போய் மைனஸ் முப்பதாக்கினேன்.
எதையும் திறக்காமல் விட்டுவிட்டு
நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
எனக்குத்தான் கை துறுதுறுத்தது.

பத்தொன்பது நாளாக விழவில்லை.
பத்தொன்பது நாள் ஒரு கணக்கா, தெரியாது.
நேற்று சென்னப்பனுக்கு ஃபோன் செய்தேன்.
காய்ச்சல் விட்டுவிட்டதாம்.
"இப்ப என்ன பண்றே?"
"சும்மாதான் இருக்கேன்."
"பாத்து," என்றேன்.