ஆறு புள்ளி இரண்டு

குத்தாயிசி நகரத்துப் பள்ளியொன்றில்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு
அவர்கள் பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள்.
முட்டி உள்ளே போகவில்லை.
ரொட்டி அடுப்புக்காரி ஒருத்தி, தையற்காரர் இருவர்,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
கடைசி வரிசையில் நான், ஓத்தியா,
பாத்துமி தடத்தில் இருபத்திரண்டு வருடமாக
மினிபஸ் ஓட்டுகிறவன்.

என் இரத்தத்தில் ஆறு புள்ளி இரண்டு.
சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்டேன்.
இன்னும் இல்லை என்றாள் செவிலி சியூரி,
கோட்டின் மேல் சக்கரம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.
நான் ஓட்டுநர் என்று
அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் வாரம், தட்டு.
நேற்றுத் தின்றதை எழுதச் சொன்னாள்.
காலை: பாலாடைக்கட்டி ரொட்டி.
மதியம்: பாலாடைக்கட்டி ரொட்டி.
இரவு: மேற்படி.
அவள் சிரிக்கவில்லை.
கீரையில் வால்நட் அரைத்துப் பிசைந்த உருண்டை,
சட்டியில் குழையும் பீன்ஸ்,
இதெல்லாம் விருந்தாளிக்கு மட்டும்தானா என்றாள்.
தூர தேசத்திலிருந்து வர வேண்டிய மருந்துக்காக
நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன்.
அந்தப் பக்கத்தில்
பீன்ஸ் என்று எழுதினேன்.

அடுத்து உப்பு.
பாலாடைக்கட்டியை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போட்டு
விடிந்ததும் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கருங்கடல்.
அதன் கரையிலேயே போய்வந்து கொண்டிருந்தவன்
அதையே மூன்று வேளையும் விழுங்கியிருக்கிறேன்.

மூன்றாம் வாரம்
சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடக்கச் சொன்னாள்.
பாத்துமி நிறுத்தத்தில்
என் வண்டியையே சுற்றி நடந்தேன்.
பஞ்சரா என்று ஜன்னல் வழியே கேட்டார்கள்.
ஏழாவது சுற்றில் மீன்காரி ஒருத்தி
கூடையை இருக்கையில் வைத்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் கூடவே நடந்தாள்.
மறுநாள் மூன்று பேர்.
தாமதத்துக்கு முதலாளி அரைநாள் கூலியைப் பிடித்தார்.

நான்காம் வாரம், தூக்கம்.
கைபேசியை அடுப்பறையில் படுக்க வைத்துவிட்டு
நான் விழித்துக் கிடந்தேன்.
இதில் தேறவில்லை.

ஐந்தாம் வாரம், புகை.
அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை.

கடைசி வாரம் தாளில் ஒரே கேள்வி:
நேற்று யாரோடு பேசினீர்கள்?
இதுவும் வைத்தியத்தில் சேர்த்தியா என்றார் கணக்காளர்.
சேர்த்திதான்.
என் முதுகுக்குப் பின்னால் தினமும் பதினெட்டுப் பேர்.
நிறுத்துங்கள் என்பார்கள், நிறுத்துவேன்.
காசு கைமாறும்.
அதைப் பேச்சில் எழுதலாமா?
ரொட்டிகளால் நிறைந்த பழைய தாளுக்குப் பக்கத்தில்
இந்தத் தாள் பட்டினி கிடந்தது.

சம்த்ரெதியாவில் என் தம்பி முர்மான் இருக்கிறான்.
என் இரத்தம்தான் அவனுக்கும்,
ஆனால் அவன் எப்போதோ கோட்டைத் தாண்டிவிட்டான்.
வசந்தத்தில் வலக்காலில் இரண்டு விரலை எடுத்தார்கள்.
நான் போகவில்லை.
எல்லையில் நின்ற வால்நட் மரம் ஒன்று,
அது யாருடையது என்பதில் நான்கு வருடம்.

அன்றிரவு எண்ணை அழுத்தினேன்.
எடுத்தான்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது,
மேட்டில் ஏறும் பழைய இன்ஜின் போல.
என்ன சாப்பிட்டாய் என்றேன்.
வேறெதுவும் வாயில் வரவில்லை.
ரொட்டி என்றான்.
பிறகு, நீ? என்றான்.

மூன்று மாதம் கழித்து ஆறு புள்ளி ஒன்று.
இதற்கா இத்தனை பாடு என்று கேட்டேன்.
பிரேக்கை மிதித்த இடத்திலேயேவா
நிற்கிறது உங்கள் வண்டி
என்றாள் சியூரி, சீட்டிலிருந்து தலை நிமிராமல்.

ஞாயிறு.
சம்த்ரெதியாவில் கூடுதலாக ஒரு நிறுத்தம்,
முதலாளிக்குத் தெரியாது.
பக்கத்து இருக்கையில் மூடி போட்ட பீன்ஸ் சட்டி,
வளைவில் சாயாதிருக்க
பெல்ட் போட்டு.