முன்சோதனை

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதி எடுத்தேன்.
அப்போது இருபத்திரண்டு கேள்விகளும்
சரியாகத்தான் இருந்தன.
தாள்கள் கைக்குச் சூடாக இருந்தன.

அருமனை தாண்டி, ஏழு வீட்டுக்கு ஒன்று.
ஏழாவது வீடு பூட்டு. மஸ்கட்.
பதினான்காவது வீட்டில் நாய் மட்டும்.
"அடுத்த வீட்டைப் பிடிச்சுக்கலாமே மேடம்"
என்றாள் மாரீஸ்வரி, வெயிலைக் காட்டி.
ஆள் இருக்கும் வீடுகளையே கேட்டுக் கேட்டு
வீட்டில் இருப்பவர்களின் மாவட்டம் ஒன்றை
உண்டாக்கிவிடுவோம்,
அதற்கொரு உறுப்பினரையும் தேர்ந்தெடுத்து அனுப்புவோம் என்றேன்.
அவள் குடையை விரித்தாள்.

கேள்வி நான்கு:
சாலையும் குடிநீரும் திருப்தியாக உள்ளனவா?
ஆம். இல்லை.
ஏசுவடியான் பால் வாளியை இறக்கிவைத்தார்.
ரப்பர்ப் பால். விரலிடுக்கில் காய்ந்து
தோலாய்த் தொங்கியது.
"ரோடு உண்டு. மற்றது இல்ல.
இதுல நான் பாதி ஆளா?"
நான்கை இரண்டாகக் கிழித்தேன்.

கேள்வி ஒன்பதை எழுதியது சென்னை:
கடந்த ஓராண்டில் உங்கள் குடும்பம்
வெள்ளத்தால் பாதிக்கப்பட்டதா?
குன்றின் முதுகில் இருக்கிறது அந்தத் தெரு.
பதினோரு வீட்டில் ஆம்.
கோவில்பட்டிக்காரி மாரீஸ்வரி
வட்டமிட்டுக்கொண்டே வந்தாள்.
மழை நின்றாலே ஓடிவிடும் சரிவில்
எங்கிருந்து இத்தனை வெள்ளம்?
பன்னிரண்டாவது வீட்டு லில்லிபுஷ்பம்
நான்கு காலிக் குடங்களைக் காலால் தள்ளிக் காட்டினாள்.
"வெள்ளத்துனாலதான் இந்தப் பாடு.
ரெண்டு நாளைக்கு ஒருக்க,
அதும் அரை மணிக்கூர்."

இங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்.
எனக்குத் தெரியாததா? பிறந்தது தக்கலையில்.
ஆறு வருடம் அலுவலகத்தில் தண்ணீர் குடித்ததில்
வெள்ளம் வற்றிவிட்டிருக்கிறது.

பதினைந்தாவது, சாதி மதப் பூசல் பற்றி.
நாம் கேட்கும்முன் அவர்கள் கேட்பார்கள்:
பிள்ளைக்க பேரென்ன?
மாரீஸ்வரி என்றதும்
"இங்க ஒரு பிரச்சினையும் இல்ல,
எல்லாரும் ஒத்துமை."
மறுநாள் அதே வீட்டில் நான்.
ஷீபா. எந்த சபை? சொன்னேன்.
சன்னலைச் சாத்திவிட்டு
மூன்று சம்பவம் சொன்னார்கள்.
இரண்டு தாளையும் அடுக்கிவைத்து
கேட்டவர் பெயருக்கும் ஒரு கட்டம் வரைந்தேன்.

பிறகு அந்தச் சொல்.
உங்கள் எம்.எல்.ஏ. செயல்பாடு எப்படி?
மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம்.
"கொள்ளாம்."
உதட்டைப் பிதுக்கி ஒரு கொள்ளாம்.
சிரிப்பை மென்றுகொண்டு ஒன்று.
பசுவிடம் சொல்வதுபோல, திரும்பாமலே, ஒன்று.
மாரீஸ்வரி எல்லாவற்றையும்
சுமாரில் போட்டு மூடினாள்.
ஐந்து கட்டமும் அந்தச் சொல்லுக்குள் நுழைந்து
மறுபக்கம் வெளியே வந்துவிடும்.

ராத்திரி சென்னையிலிருந்து குறுஞ்செய்தி:
வெள்ள பாதிப்பு எண் பிரமாதம்,
அறிக்கைத் தலைப்பே அதுதான்.
பதில் அடித்தேன், அழித்தேன், பிறகு
தொலைபேசியில் கத்தினேன்.
அந்தப் பதினோரு ஆம்களை வெட்டவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
இவை வேறொரு கேள்விக்கான பதில்கள்.
அதை நாம் கேட்கவில்லை.

லாட்ஜ் பையன் துண்டு கொண்டுவந்தான்.
ரூம் எப்படிக்கா?
வாயில் வந்துவிட்டது, கொள்ளாம்.
எதில் குறித்துக்கொண்டு போனானோ.

அலாரம் இரண்டரைக்கு.
பால் வெட்டப் போகிறவர்கள் கிளம்பும் நேரம்,
நாம் கதவு தட்டும் பகலில்
உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் வாக்காளர்கள்.
மாரீஸ்வரி தலைவிளக்கை
சார்ஜில் போட்டிருக்கிறாள்.
நாற்பதில் எட்டுத் தாள் மிச்சம்.
ஒன்பதாம் கேள்வி இன்னும் காலியாக இருக்கிறது.