நான்காவது கேள்வி

மண்டபத்துப் புயல் காப்பகத்தில் அந்தச் சனிக்கிழமை
நீதிமன்றம் கூடியது.
சாட்சிக் கூண்டு, கவிழ்த்துப் போட்ட மீன் ஐஸ் பெட்டி.
நீதிபதி, திருவாடானையில் தொழில் செய்யும் நைனார் முகம்மது,
பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் டீ.
இருபத்து மூன்று வக்கீல்கள்
கறுப்புக் கோட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினோம்.
கச்சான் காற்று வந்து
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது.

பயிற்சி தர வந்த தில்ஷாத்துக்கு என் வயதுதான்.
பலகையில் எழுதினாள்:
பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே.
வேண்டியது கிடைத்ததும் உட்கார்.
'எப்படி' என்று குறுக்கு விசாரணையில் கேட்பது
கதவைத் திறந்து வைத்துவிட்டு
நாயைக் குறை சொல்வது.

வழக்கு கற்பனை. தாளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.
இரவில் ஒரு விசைப்படகு
நாட்டுப்படகுக்காரரின் வலையை அறுத்துவிட்டது.
படகுக்குப் பெயரில்லை, கடலுக்கும்.
சாட்சியாக நடிக்க முந்நூற்றைம்பது ரூபாய்க்கு
நம்புராணி வந்திருந்தாள்.
புருஷனோடு நண்டு வலைக்குப் போகிறவள்.
பெட்டிமேல் ஏறி
"நெசத்தச் சொல்றேன்" என்றாள்,
யாரும் எதுவும் கேட்கும் முன்பே.

என் முறை.
அமாவாசை இரவுதானே?
ஆமா.
உங்கள் வள்ளத்தில் விளக்கு எரியவில்லை?
பேட்டரி செத்துப் போச்சு. ஆமா.
படகின் எண்ணை நீங்கள் படிக்கவில்லை?
அந்த இருட்டுல எங்க படிக்க. இல்ல.

மூன்று. போதும்.
பின்வரிசையிலிருந்து தில்ஷாத்
உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தாள்,
உட்கார், உட்கார்.
நாக்கு ருசி கண்டுவிட்டது.
"அப்படியென்றால் எந்தப் படகென்று
எப்படியம்மா தெரியும்?"

நம்புராணி தாளைப் பார்க்கவில்லை.
கழுத்தைச் சாய்த்து
ஒரு காதை வடக்குத் துறைப் பக்கம் கொடுத்தாள்.
"சத்தம் சார்.
அந்த இஞ்சின் நாலு அடிக்கு ஒருக்கா விக்கும்.
டக் டக் டக், அப்புறம் ஒரு முழுங்கல்.
அவுகளுக்கு மொறையில்லாத செவ்வாக்கெழம.
நீவாடு மேக்க இழுக்குது,
இவரு டார்ச்சு அடிச்சுக் கத்துறாரு,
அது விக்கிக்கிட்டே வலை மேல ஏறுது.
இருபத்தெட்டுத் துண்டு வலை. வட்டிக்கு வாங்கினது."

தாளில் இல்லாததைச் சொல்லக் கூடாதம்மா, என்றார் நீதிபதி.
"தாள்ல பேருதான் இல்ல" என்றாள்.

கூடமே சிரித்தது.
தில்ஷாத் பலகையில் நான்கு கோடு கிழித்து
நான்காவதை வட்டமிட்டாள்.
வக்கீல் இங்கே இறந்தார்.

போன மாதம் வடக்குத் துறையில்
அந்த இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுதான்
வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன்.
கட்சிக்காரர் ஒவ்வொரு நான்காம் அடிக்கும்
குரலைச் சற்று உயர்த்திப் பேசினார்.
அது அவர் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.
சாட்சிப் பட்டியலில் மூன்றாவது பெயர் நம்புராணி.
இந்தக் கரையில் நம்பு என்று தொடங்கும் பெயர்
தெருவுக்குப் பத்து.

டீ நேரத்தில் ரசீதில்
'மாதிரி சாட்சி' என்ற கட்டத்துக்கு நேரே
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.
"சரியா நடிச்சனா சார்?
எங்களுக்கும் கேஸ் இருக்கு, ராம்நாட்டுல,
பத்தொம்பதாந் தேதி.
பழகிக்கிட்டது நல்லதாப் போச்சு."
வடையைப் பிட்டு ஒரு பாதியை நீட்டினாள்.
வாங்கித் தின்றேன்.
உப்பு கூடுதல்.

வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.
வாங்கிக்கொள்ள இருபத்திரண்டு பேர்,
எல்லோரும் பலகையை நகலெடுத்தவர்கள்.

பதினொரு நாள் இருக்கிறது.
நோட்டில் மூன்று கேள்விகள், அடித்தல் திருத்தல் இல்லாமல்.
மூன்றோடு உட்கார்ந்தால்
பாக்கி ஃபீஸ் அன்று மாலையே வந்துவிடும்.

கூண்டில் ஏறியதும் என்னை அடையாளம் கண்டு
லேசாகச் சிரிப்பாள்.
அமாவாசை, ஆமா.
விளக்கு, ஆமா.
எண், இல்ல.
அப்புறம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு
நான் கேட்பேன் என்று நிற்பாள்.