காலி எடை

கம்பெனி கேட்டில் ஒட்டிய தாளில்
என் பெயர் பதினேழாவது.
ஆர்டர் வரும்வரை என்று போட்டிருந்தது.
யாருடைய ஆர்டர் என்று
வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.
அமெரிக்காவில் நண்டு தின்பதைக் குறைத்துவிட்டார்களாம்.
அங்கே எவனோ தட்டைத் தள்ளி வைக்க
இங்கே மண்டபத்தில் முப்பத்தெட்டுப் பேர்
தலையில் மாட்டும் வலையைக் கழற்றி
மடித்துப் பையில் வைத்தோம்.

பதினோரு வருடம்
ஓடு உடைத்து, சதை பிரித்து,
முழுசு, துணுக்கு, கால்சதை என்று
மூன்று தட்டில் போட்டவள்.
நானூற்று ஐம்பது கிராம் டப்பாவைத்
தூக்கிப் பார்த்தே சொல்வேன்,
ரெண்டு கிராம் குறைகிறதென்று.
விண்ணப்பத்தில் இதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதல் வாரம் வீட்டில் சொல்லவில்லை.
ஆறரைக்கு, வேன் வருகிற இடத்தில் போய் நின்றேன்.
வராது என்று எனக்குத் தெரியும்.
கால்களுக்குத் தெரியவில்லை.

பிறகு கேட்கத் தொடங்கினேன்.
ஐஸ் பிளான்ட்டில்:
பாதிப் போட்டுதான் கடலுக்குப் போகுது, நீ வேற.
ராமநாதபுரம் ஜவுளிக்கடையில்:
முப்பதுக்குள்ள இருக்கணும்மா.
பெரியபட்டினத்தில் சமையலுக்கு ஆள் தேடுவதாகச் சொன்ன வீட்டில்
அந்த அம்மா உட்காரவைத்து டீ கொடுத்தார்.
எம் மகனே துபாய்லேர்ந்து வந்து
சும்மா இருக்கான் என்றார்.
கிளம்பும்போது ரெண்டு வாழைப்பழம்.
பஸ்ஸில் ஒன்றைத் தின்றேன்.
இன்னொன்று இறங்குவதற்குள் தீர்ந்தது.

தம்மாமிலிருந்து தம்பி ரெமிஜியஸ்
தினமும் காலையில் ஒரு சூரியன் படம் அனுப்புவான்.
பாசிட்டிவா இரு அக்கா.
அவனுக்கு நாலு மாதமாய்ச் சம்பளம் இல்லை என்று
அவன் பெண்டாட்டி என்னிடம் சொல்லியிருந்தாள்.
ஓவர்டைம் ஓடுதுடா என்று நான் பதில் போடுவேன்.
நல்லாத்தான் பொய் சொல்கிறோம்,
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

உச்சிப்புளி தாண்டி, ரோட்டோரம்
லாரி எடைமேடை.
தண்ணீர் கேட்டுத்தான் நுழைந்தேன்.
சீனி நைனா போனில் கத்திக்கொண்டிருந்தார்,
எடை போடும் பையன்
சொல்லாமல் திருப்பூருக்கு ஓடிவிட்டான்.
எனக்கு எடை தெரியும் என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தார்.
மேசையில் கிடந்த கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.
எண்பது என்றேன்.
பக்கத்துப் பெட்டிக்கடைத் தராசில் எண்பத்திரண்டு.
ரெண்டு தப்பு என்றார்.
தாள் ரெண்டு கிராம் இருக்கும்ல என்றேன்.

மதியம் ரெண்டு முதல் ராத்திரி பத்து.
பழைய சம்பளத்தில் முக்கால்கூட இல்லை.
மூணு மாசம் பார்ப்போம் என்றார்.
கருவேலங்கரி, உப்பு, கருவாடு
எது வந்தாலும்
முதலில் காலி வண்டி ஏறவேண்டும்.
அதை எழுதாமல் சரக்குக்குக் கணக்கில்லை.
டிரைவர்கள்தான் அவசரப்படுவார்கள்.
வெறும் வண்டில என்னக்கா இருக்கு?
இருக்கு, நில்லு.

நேற்று எட்டு மணிக்குமேல் வண்டியே இல்லை.
வாடைக்காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
சும்மா நானே மேடையில் ஏறி நின்றேன்.
இருபது இருபதாய் எண்ணுகிற இயந்திரம்,
பதினோரு வருடம் ரெண்டு கிராமுக்குப் பதில் சொன்னவளை
ஒரே அடியாய் அறுபது என்றது.
நான் ஐம்பத்து மூன்று.
மிச்சம் ஏழு யாருடையதோ,
இருந்துவிட்டுப் போகட்டும் என்று
சிரிப்பு வந்தது.

பச்சை எண்ணைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.
டேய், கம்பெனி மூடி ரெண்டு மாசமாச்சு.
இப்ப இங்க இருக்கேன்.
உனக்குச் சம்பளம் வந்துச்சா, உண்மையச் சொல்லு.

ரெண்டு நீலக்கோடு.
எழுதுகிறான். நிறுத்துகிறான்.
மறுபடி எழுதுகிறான்.

ரோட்டிலிருந்து ஹாரன்.
கரி லோடு.
இறங்கி ஓடினேன்.